சுற்றுவழி

போடிநாயக்கனூரில் திருநீற்றுப் புதன் யார் கண்ணிலும் படாது. முக்கால்வாசி நெற்றிகளில் அன்றாடம் சாம்பல் இருக்கிற ஊர் இது. என் நெற்றியிலும் இருக்கிறது. 2025 மார்ச் 5ஆம் தேதி காலை ஆறேகால் மணி. மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை முடித்து வந்த நாலைந்து பெண்கள், மற்றவர்களோடு சேர்ந்து ஜீப்பின் பின்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் தூக்குச்சட்டி, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எங்களுடையது வெள்ளைத் திருநீறு, மூன்று விரல் பட்டை. அவர்களுடையது கருஞ்சாம்பல். போன வருஷக் குருத்தோலை ஞாயிறுக்குக் கையில் பிடித்துப்போன தென்னங்குருத்தைக் காயவைத்து எரித்தது. சாமியார் கட்டைவிரலால் போட்ட சிலுவை, வியர்வையில் அப்போதே ஒரு பக்கம் கலைய ஆரம்பித்திருந்தது.

"எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வாரீக, மதினி?" ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நம்ம கோயிலுக்குத்தேன்."

கேட்டவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். பேச்சு முடிந்தது.

டயரைக் காலால் தட்டிப் பார்த்தபடி வண்டியைச் சுற்றிவந்த டிரைவரின் நெற்றியிலும் அதே சிலுவை. ஐம்பதைத் தாண்டியவர். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண்களுக்கு டிரைவரண்ணன், மற்றவர்களுக்கு வெறும் டிரைவர். ஒரு டீயை நின்றபடியே குடித்து முடித்தார். வண்டிக் கண்ணாடியில் குனிந்து நெற்றியைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்தார். துடைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

நான் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். மூட்டை, கிலோ, கிராம், கூலி என்று நாள் முழுக்க எண்ணுகிற பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சும்மா இருக்கும்போதும் கண் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும். காலையில் அரை மணி, சாயங்காலம் ஒரு மணி இந்த பெஞ்ச். பேச்சு குறைவு. பேசாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் ஊர் மறைப்பே இல்லாமல் நடக்கும். இது இருபது வருஷத்தில் நான் கற்றது.

வீடு மாதா கோயிலுக்கு அடுத்த தெரு. ஒலிபெருக்கி புண்ணியத்தில் அவர்களுடைய வருஷம் முழுக்க எனக்கு ஓரளவு மனப்பாடம். இந்தப் புதனில் தொடங்குகிற நாற்பது நாளை அவர்கள் தவக்காலம் என்பார்கள். எங்கள் தெருவிலிருக்கிற சி.எஸ்.ஐ. வீட்டில் லெந்து நாள். திருநீற்றுப் புதனன்று வாசிக்கிற பகுதிதான் வேடிக்கை. நெற்றியில் சாம்பல் பூசுகிற அதே பூசையில், நோன்பிருக்கிறவன் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது, முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், மறைவில் காண்கிற தந்தைக்குத் தெரிந்தால் போதும், அடுத்தவனுக்குத் தெரிய வேண்டாம் என்கிற பொருளில் இயேசு பேசுவார். வருஷா வருஷம் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் லேசாகக் கூசும். மறைவில் பார்க்கிற வேலையை இந்த ஊரில் நானும் அல்லவா செய்துகொண்டிருக்கிறேன்!

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பெண்களை இறக்கிவிட்டு, சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு டிரைவர் நடந்துவந்தார். இந்த நடைக்கு நேரம், வேகம், போய்ச் சேருமிடம் எல்லாம் உண்டு. எங்கள் டீக்கடையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், முக்கில், டாஸ்மாக். சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தது 2003 நவம்பரில். அதற்கு முன்னாலும் அதே முக்கில் ஒரு கடை இருந்தது, டிரைவரும் இருந்தார். குவாட்டர் ஒன்று, சில நாள் மாப்பிள்ளை ஒருவரோடு பங்கு போட்ட கட்டிங், அதற்குப் பிறகு வீடு. சண்டை சச்சரவு கிடையாது. மறுநாள் காலை ஆறுக்குத் தெளிவாக வண்டியில் இருப்பார். ஆகவே ஊருக்கு அவர் குடிகாரர் இல்லை. வீட்டுக்கு என்னவோ, அது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது.

முக்குக்கு ஐம்பதடி முன்னால் இடது பக்கம் ஒரு சந்து. டிரைவர் அதற்குள் திரும்பினார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரவில்லை. மறுநாளும் அதே சந்து, வரவில்லை. மூன்றாம் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சந்து வழியாகப் போய், ரேஷன் கடைத் தெருவில் திரும்பி, பள்ளிவாசலைத் தாண்டி, ரயில் நிலையப் பக்கமாக வெளியே வந்தால் அவர் வீடு. நேர்வழி நாலு நிமிஷம், இது பதினைந்து. நாளெல்லாம் மலையில் கியர் போட்ட கால்.

அவர்கள் செபங்களில் மனத்துயர் செபம் என்று ஒன்று உண்டு. செய்ததற்கு வருத்தப்படுவதோடு நில்லாமல், பாவத்துக்கு ஏதுவான சூழ்நிலைகளை விட்டு விலகுவதாகவும் அதில் வாக்குக் கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில் கேட்கும்போது பெரிய தத்துவமாகத் தோன்றும். அதற்கு ரேஷன் கடைத் தெரு என்று ஒரு அர்த்தம் இருப்பது எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது.

கார்த்திகையில் மாலை போட்ட சாமிகளுக்கு இந்தச் சிரமம் கிடையாது. சபரிமலைக்குப் போகிற பாதைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒரு மண்டலம், 41 நாள். கறுப்பு வேட்டியையும் துளசி மாலையையும் பார்த்தவுடன் நண்பன் விலகிப் போவான், கடைக்காரன் 'சாமி' என்பான், மனைவி தனிப் பாத்திரத்தில் வைப்பாள். ஊரே சேர்ந்து ஒருவனைக் காவல் காக்கிற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு, கிண்டலாகச் சொல்லவில்லை. நான் வெற்றிலை பாக்கை விட்ட கதை மாலை போடாததால்தான் மூன்றாம் நாள் முடிந்தது. டிரைவருக்கு எந்த வேட்டியும் இல்லை. காலையில் போட்ட சிலுவை முந்தல் சோதனைச்சாவடி தாண்டுவதற்குள் வியர்வையில் போய்விட்டது. மறுநாளிலிருந்து அவர் எல்லா நாளையும் போல இருக்கிற மனுஷன். எவனும் தோளில் கை போட்டு இழுக்கலாம்.

சொற்களிலும் அப்படித்தான். நோன்புக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற சொல் ஒருசந்தி. நாள் ஒன்றுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. கறி, மீன் விலக்குவது சுத்தபோசனம். இரண்டையும் எங்கள் பாட்டி சொன்னாலும் அதே பொருள்தான். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, துறவியாகக் குடிலில் இருந்தபோது எந்தச் சொல்லால் தன் நோன்பை இந்த மண்ணுக்குப் புரியவைத்தாரோ, அந்த வழிதான் இன்னமும் தொடர்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் கறி சாப்பிட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நாங்களும் சாப்பிட மாட்டோம். கலந்து கலந்து, பார்க்கிறவனுக்குப் பிடி கிடைக்காமல் போய்விட்டது. செய்வதைப் பார்க்கலாம். செய்யாமல் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை, மார்ச் 14, நானே அந்த ஜீப்பில் ஏறும்படி ஆனது. காய் எடுப்பு முடிந்து தோட்டங்களில் கவாத்தும் தண்ணீர் பாய்ச்சலும்தான் நடக்கிற சமயம். பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைசிச் சரக்கு எடை போட வேண்டியிருந்தது. முன்சீட்டில் என்னோடு மூன்று பேர், பின்னால் எத்தனை பேர் என்று எண்ணி இங்கே எழுதினால் டிரைவருக்கு அபராதம் விழும். அடிவாரத்தில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஒரு துணுக்கு உள்ளே வந்து டிரைவரின் மீசையில் ஒட்டிக்கொண்டது. மெட்டு வரைக்கும் அது அங்கேதான் இருந்தது, யாரும் சொல்லவில்லை.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் சாயும்போதெல்லாம் பின்னாலிருந்து முருகனும் மாரியும் கருப்பசாமியும் அழைக்கப்படுவது வழக்கம். அன்று ஒரு கிழவி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவள் இளவட்டம். சும்மா இருப்பாளா?

"என்ன அப்பத்தா, வளைவுக்கு வளைவு முணுமுணுக்கிற?"

"சிலுவைப்பாதைடி. வெள்ளிக்கிழமை அந்தியில கோயில்ல சொல்லுவாக. நாம கீழ எறங்குறதுக்குள்ள முடிஞ்சிருது. அதேன் இங்கன சொல்லிக்கிறேன். பதினாலு ஸ்தலம்."

"வளைவு பதினேழு இருக்கே. மிச்சம் மூணுக்கு என்ன பண்ணுவ?"

கிழவி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூணு நாளு கல்லறையில இருந்தாருல்ல? அதுக்குச் சரியாப் போச்சு."

டிரைவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பதினாலாவது வளைவுக்கு மேல் கிழவி நிஜமாகவே வாய் திறக்கவில்லை.

மெட்டில் வண்டி நின்றது. இரு மாநிலச் சோதனைச்சாவடியும் இங்கே. விளிம்பில் நின்றால் கீழே எல்லாம் தெரியும்: போடியின் கூரைகள், கண்மாய்த் தண்ணீர், தென்னந்தோப்புகள், மாந்தோப்புகள், தேனிப் பக்கம் போகிற ரோடு, மெலிதாகத் தண்டவாளம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலைப் பார்க்காமல் கிடந்து 2023 ஜூனில் மறுபடி உயிர் வந்த பாதை அது. நான் மலையேறியதற்கு முந்தின ஞாயிறு ஒலிபெருக்கியில் வந்தது பாலைநிலச் சோதனை. நாற்பது நாள் பட்டினி கிடந்தவரிடம் அலகை வந்து முதலில் கல்லை அப்பமாக்கச் சொல்கிறது. பிறகு உயரமான இடத்துக்குக் கூட்டிப்போய், உலகத்து அரசுகளையெல்லாம் ஒரே நொடியில் காட்டி, உனக்குத்தான் என்கிறது. அவ்வளவு பெரிய காட்சியை வைத்து இந்த டிரைவரை யாரும் சோதிக்கப் போவதில்லை. அவர் விளிம்புப் பக்கமே திரும்பவில்லை. ஓட்டல் கதவு திறந்து, மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்த மாட்டுக்கறி வாசம் ரோட்டைக் கடந்து வந்தபோதுதான் மூக்கு ஒரு தடவை விடைத்தது. அதோடு சரி. மீசையிலிருந்த பஞ்சும் அப்போதுதான் பறந்தது.

தோட்டத்து முதலாளி எழுபது வயது அச்சாயன். அங்கே எனக்கு இன்னொரு கணக்கு கிடைத்தது. மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு அம்பது நோம்பு. அது புதன்கிழமை வரை காத்திருப்பதில்லை. திங்கட்கிழமையே விபூதி பூசி ஆரம்பித்துவிடுகிறது. அந்த வருஷம் மார்ச் 3. முந்தின நாள் ஞாயிறு பேத்துர்த்தா என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதுவும் தொடாமல் இருப்பார்கள். ஒரே மலை, ஒரே இயேசு. முதலாளிக்குத் திங்கள், வேலைக்காரர்களுக்குப் புதன். மத்தியானம் வராந்தாவில் அவர் தட்டில் வேகவைத்த கப்பை, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. படிக்கட்டில் டிரைவரின் தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு, நார்த்தங்காய். அச்சாயன் ஒரு கப்பைத் துண்டைச் சம்மந்தியில் தோய்த்துக் கொடுத்தனுப்பினார். டிரைவர் நார்த்தங்காயில் பாதியைத் திருப்பி அனுப்பினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியில் மூணாறு திருப்பத்தில் ஜக்கரண்டா மரம் ஒன்று இலையே தெரியாமல் ஊதாவாக நின்றது. தவக்காலத்தில் சாமியார் போடுகிற உடையும் அந்த நிறம்தான்.

கிட்டங்கிக்குள் வேறு வகை. எட்டு எம்.எம். சல்லடையில் நின்ற காய் குவியலாகக் கிடக்கும். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து வெடித்தது, கறுத்தது, பிஞ்சு என்று பொறுக்குவார்கள். பச்சைக்காய் ஐந்து கிலோ ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோ 2019 ஆகஸ்டில் ஏலத்தில் 7,000 ரூபாயைத் தொட்டது. இப்போது அந்த விலை இல்லையென்றாலும் ஒரு பிடி ஏலக்காய், அதைப் பொறுக்குகிறவளின் அரைநாள் கூலிக்குப் பக்கத்தில் நிற்கும். சாயங்காலம் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கு இந்த வழக்கம் பிடிக்காது. ஆனாலும் உதறுகிற நேரத்தில் நான்தான் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா, நாற்பத்தைந்து வயது. பதினொரு மணிக்குப் பையன் டீக்கேனோடு வருவான். எல்லாரும் காசு போட்டு வாங்குவார்கள். மார்ச் ஐந்திலிருந்து அந்த அக்காவின் கை நீளவில்லை. முதல் வாரம் தலைவலி. நெற்றிப்பொட்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொள்வார், முந்தானையை இறுக்கிக் கட்டுவார், மறுபடி பொறுக்குவார். கோயிலில் கொடுத்த மண் உண்டியலில் டீக்காசு போகிறது என்று பின்னால் தெரிந்தது. சொன்னது அவரில்லை, பக்கத்து இடத்துக்காரி. "ஒரு டீயில என்னக்கா பாவம் இருக்கு?" என்று கேட்டவளுக்கு, "பாவம்னு யாரு சொன்னா? பிடிக்கும், அதேன்" என்றார். நாள் முழுக்க ஏலக்காய் வாசத்தில் முங்கி எழுகிறவர்கள் குடிப்பது இஞ்சி டீ என்பது இந்த ஊர் ரகசியம்.

அந்த அக்காதான், இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து, குவியலுக்கு மேலேயே மடியை உதறினார். ஒரே ஒரு காய் விழுந்தது. பச்சை மாறாத, முக்கோணம் திரண்ட, நல்ல எட்டு எம்.எம். குவியலில் சேர்ந்த பிறகு எது என்று தெரியாது. சேலை மடிப்பில் தானாகச் சிக்கியிருக்கலாம். தினம் பத்துப் பேருக்குச் சிக்குகிறது. அந்த அக்கா அதையே ஒரு விநாடி பார்த்துக்கொண்டு நின்றார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

டிரைவரை ஒரு நாள் பின்தொடர்ந்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் போனேன். அவர் கையில் காலியான தூக்குச்சட்டி ஆடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. மார்ச் 2 முதல் நோன்பு. பள்ளிவாசல் வாசலில் அண்டாவிலிருந்து நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த மதம் என்று கேட்காமல் சட்டியை நீட்டியவர்களுக்கெல்லாம் ஊற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். டிரைவரும் வரிசையில் நின்றார். அன்று வெள்ளிக்கிழமை.

"கறி போட்டிருக்கா, பாய்?"

"இன்னைக்குப் போடல. ஏன், வேணுமா?"

"இல்ல, போடாட்டித்தேன் வேணும்."

பாய் ஒரு கணம் முழித்துவிட்டு ஒரு அகப்பை கூடுதலாகவே ஊற்றினார். டிரைவர் சட்டியைச் சூட்டோடு துண்டில் பிடித்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் நடந்தார். முக்குக் கடையில் நிற்க வேண்டிய அதே ஆறரை மணி. சுற்றுவழியில் போனால் என்ன கிடைக்கும் என்று போகும்போது அவருக்குத் தெரிந்திருக்காது. நான் பள்ளிவாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு. மாப்பிள்ளை, அதாவது கட்டிங்கில் பங்குக்காரர், டிரைவரை எங்கள் பெஞ்சிலேயே வந்து பிடித்தார். அவரும் மாதா கோயில்தான். புது வெள்ளைச் சட்டை, நல்ல மனநிலை.

"மாப்ள, நான் ஒன்னயக் கெடுக்க வரல. நாயத்தச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நாப்பதுல சேராது. சாமியாரே பிரசங்கத்துல சொல்லியிருக்காரு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளு. விரதம் கிடையாது."

நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். மார்ச் 5இலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் ஏப்ரல் 19 வரை 46 நாள். நடுவில் ஞாயிறு ஆறு. கழித்தால் சரியாக 40. ஆள் சொல்வது அப்பழுக்கில்லாத கணக்கு. பாலைநிலத்தில் அலகையின் கடைசி முயற்சியும் இப்படித்தான், திருப்பாடலிலிருந்தே வசனத்தை எடுத்து நீட்டுகிறது. லூக்கா அதை மூன்றாவதாக வைத்ததில் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பசியைக் காட்டுகிறவனைத் தள்ளிவிடலாம். நியாயத்தைக் காட்டுகிறவனை என்ன செய்வது? நானாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன், அதுவும் ரசீது வாங்கின நிம்மதியோடு.

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அடியில் ஒட்டியிருந்த சீனியை ஒரு சுழற்றுச் சுழற்றி அதையும் குடித்தார்.

"எனக்குக் கணக்கு வராது, மாப்ள."

எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். மறுநாள் பெருநாள் ஆகிவிட்டதால் அதுதான் கடைசிக் கஞ்சி.

கஞ்சி நின்ற பிறகான நாட்கள் மோசம். சட்டி இல்லாத கைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டில் ஆவி. முக்குக் கடையிலிருந்து வறுகடலை வாசம், சிரிப்பு. டிரைவர் சந்து வாசலில் நின்றுவிட்டார். உள்ளே திரும்பவும் இல்லை, முன்னே நடக்கவும் இல்லை. ஐந்தாறு பேர் அந்தப் பக்கமாக வந்தார்கள், மாப்பிள்ளையும் இருந்தார். டிரைவர் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... சரிங்க... காலையில வந்துர்றேன்" என்று பேச ஆரம்பித்தார். கூட்டம் அவரைத் தாண்டிப் போகிற வரை பேசினார். போன பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். நான் எட்டடி தூரத்தில் இருந்தேன். போனில் வெளிச்சமே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன், மகாவீர் ஜெயந்தி. டாஸ்மாக்குக்கு விடுமுறை. ஷட்டருக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. அன்று டிரைவர் சந்தில் திரும்பவில்லை. முப்பத்தாறு நாள் கழித்து நேர்வழியில், கையை வீசிக்கொண்டு, முக்கைத் தாண்டி வீட்டுக்குப் போனார். நாயைப் பார்த்து ஏதோ சொன்னது போலக்கூட இருந்தது. மறுநாள் பங்குனி உத்திரம். காவடிக் கூட்டத்தில் ரோடு நிறைந்துவிட, அவர் மறுபடி சந்துக்குள்.

மகாவீர் ஜெயந்திக்கும் வள்ளலார் நாளுக்கும் மூடுகிற கடை, பெரிய வெள்ளிக்கு மூடுவதில்லை. அந்தப் பட்டியலில் அந்த நாள் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிர். கேரளத்தில் பெரிய வெள்ளியன்று மதுக்கடை அடைப்பு. ஏப்ரல் 18 மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு உண்மைகளும் எங்கள் டீக்கடை வாசலில் சந்தித்தன. இடுக்கி நம்பர் போட்ட ஜீப் ஒன்று இறங்கி வந்து நின்றது. உள்ளே நாலு பேர். மாதா கோயிலில் அன்று மணி அடிக்காது. பெரிய வியாழன் இரவிலிருந்தே மணிக்கு ஓய்வு, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த டக் டக் சத்தம் கேட்கிற நேரம். மூன்று மணி வழிபாட்டுக்கு ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கஞ்சி. ஒருசந்தி நாள், எல்லாருக்கும் உதடு காய்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் டிரைவர் சந்திலிருந்து வெளியே வந்தார். இடுக்கி ஜீப்பிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான்.

"அண்ணா, இவிட ஷாப் எவிடயா?"

டிரைவர் நின்றார். என்னைத் தவிர பெஞ்சில் யாரும் இல்லை. காது கேட்காதவர் போலப் போயிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அல்லது ரேஷன் கடை வழியாக அனுப்பியிருக்கலாம். அவர்கள் பதினைந்து நிமிஷம் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்திருப்பார்கள்.

"நேராப் போங்க," என்றார். கையை நீட்டிக் காட்டினார். "அந்தா, போஸ்ட் தெரியுதுல்ல? அதத் தாண்டி இடது கைப்பக்கம் ரெண்டாவது ஷட்டரு. வண்டிய முன்னால நிறுத்தாதீக, போலீசு பிடிப்பாக. சில்லறையாக் குடுங்க. அவன்கிட்ட இருக்காது."

ஜீப் கிளம்பியது. நீட்டின கை இறங்குவதற்குள் அவர் கண் என் பக்கம் திரும்பியது. நாற்பத்தைந்து நாளில் முதல் முறை. நான் டம்ளருக்குள் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. அவர் மூக்கைச் சொறிந்தார், வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டார், கட்டை தட்டுகிற சத்தம் வந்த பக்கம் நடந்தார்.